கொண்டை, கோடு, பவுண்டு

கல்லைப் பார்த்ததும் கடைக்குட்டிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இன்று என்ன கிழமை என்பது நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகு.

கறுப்புக் கல் பலகை. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மெருகு. அதில் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி, பொடிப்பொடியாக எழுத்துகள் வெட்டியிருந்தன. தமிழ் எழுத்து மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

à®šà®£à¯à®Ÿà¯ˆ என்று ஆரம்பித்து, அதே ரகத்தில் வரி வரியாக ஓடியது.

கல்தச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

"ஐயா... இது என்னது?"

"நீங்க அனுப்பின வாசகம்தாம்மா. ஒரு புள்ளிகூடக் குறையாம வெட்டியிருக்கேன். இங்க பாருங்க, வட்டத்துக்குள்ள ஒரு ஆர். பட்டாணி அளவு இருக்குமா? இதுக்குன்னே தனியா ஒரு உளி தீட்டினேன். கண்ணு ரெண்டும் போச்சு."

"இது தமிழ் இல்லைன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு. உங்க அப்பா வெளிநாட்டுப் பக்கம் இருந்தவர் போலன்னு நெனச்சுக்கிட்டேன். நடுவுல பவுண்டு எல்லாம் வருதே."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே!"

கல்தச்சரின் முகம் இறுகியது. "கேக்கறது கிடையாதும்மா. முன்னாடி ஒரு தடவை ஒருத்தர் பேர் தப்பா இருக்குன்னு நானே திருத்தி வெட்டிட்டேன். அந்த மனுஷன் பேரே அப்படித்தானாம். கல்லும் போச்சு, என் மானமும் போச்சு. அன்னியிலேருந்து பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் கல்லுல. நான் மூக்கை நுழைக்கறதில்லை."

அது, பூங்காவில் போடப்போகிற பெஞ்சின் சாய்மானப் பலகை. அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். வேலை முழுவதையும் உட்கார்ந்தே பார்த்த மனிதருக்கு, ஓய்வு பெற்ற பிறகு பூங்காவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குளத்து வளைவில் ஒரு பெஞ்ச் வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். பதில் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகுதான் பூங்கா அதிகாரிக்கு மனம் இரங்கியது. நீங்களே ஒரு பெஞ்ச் செய்து போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் நட்டுவிட வேண்டும். தவறினால் அந்த இடம், வரிசையில் அடுத்து நிற்கும் நாய் வளர்ப்போர் சங்கத்துக்குப் போய்விடும். நாய்கள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி கட்டுவதற்கு அவர்கள் ஏற்கெனவே படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

இன்று சனிக்கிழமை மத்தியானம்.

கல்லைத் திருப்பிப் போட்டு, வாசகத்தை மறுபடி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்ததே என்று நீங்கள் நினைப்பீர்கள். கடைக்குட்டியும் அப்படி நினைத்திருப்பாள், அவளுக்கு மட்டும் இரண்டு அண்ணன்கள் இல்லாமல் இருந்தால்.

பெரியண்ணன் வக்கீல். சின்னண்ணன் பல் டாக்டர். முதல் ஆள் எதிராளியைப் பேசவிடாமல் பேசுவார். இரண்டாவது ஆள் எதிராளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசுவார். இப்படிப்பட்ட இரண்டு பேர், பெஞ்சில் என்ன எழுதுவது என்று போன் குரூப்பில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். 'கடமை தவறாதவர்' என்று தொடங்க வேண்டும் என்பது வக்கீலின் கட்சி. 'சிரித்த முகம்' என்று தொடங்க வேண்டும் என்பது டாக்டரின் கட்சி.

"அப்பாவோட பல்லை வெச்சு உன் கிளினிக்குக்கு விளம்பரம் தேடறியா?" என்று அவர் போடுவார்.

"பூங்காவுக்கு வர்றவன் உட்கார வர்றான் அண்ணா, ஆஜராக வரலை" என்று இவர் போடுவார்.

கடைக்குட்டி நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிடு போடுவாள். குரூப்பில் நாலாவது ஆளாக அம்மாவும் உண்டு. ஆனால் அம்மா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அம்மா அதில் இருப்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு வழியாக இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட வாசகம் ஒன்று பிறந்தது. வக்கீல் அதைக் குரூப்பில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வேலையில் இருந்த கடைக்குட்டிக்குப் போன் செய்தார். "குட்டி, கடைசி மெசேஜைப் பாரு. அப்படியே காப்பி எடுத்து தச்சருக்கு அனுப்பிடு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

அவள் கடைசி மெசேஜைக் காப்பி எடுத்தாள். கல்தச்சரின் இணையப் பக்கத்தில் 'உங்கள் வாசகம்' என்ற கட்டத்தில் ஒட்டினாள். அனுப்பினாள். படித்துப் பார்க்கவில்லை. அந்த வாசகத்தின் முந்தைய அவதாரங்களை எல்லாம் படித்துப் படித்து, 'கடமை' என்ற சொல்லைக் கண்டாலே குமட்டும் நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

அந்தக் குரூப்பில் எந்த மெசேஜும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. தானாக அழிந்துபோகும்படி வக்கீல் வைத்திருந்தார். எழுத்தில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் புத்தி. சொந்தத் தம்பி தங்கையிடமும் அதே புத்தி.

"ஐயா, நான் அனுப்பினது உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?" என்று கடைக்குட்டி கடைசி நம்பிக்கையோடு கேட்டாள்.

"அது அடுத்த வாரமே புகை விட்டுச்சு. எடைக்குப் போட்டாச்சு."

"அச்சடிச்ச பேப்பர்?"

"பேப்பரைக் கல்லு மேல ஒட்டி, அது மேலேயே உளியை வெச்சுத்தாம்மா வெட்டறது. வேலை முடியறப்ப பேப்பர் தூசியாப் போயிருக்கும்."

ஆக, அந்த வாசகம் இப்போது உலகத்தில் இருக்கும் ஒரே இடம் இந்தக் கல்தான்.

அவள் பெரியண்ணனுக்குப் போன் போட்டாள்.

"இதுல என்ன குழப்பம்? 'கடமை தவறாதவர்'னு ஆரம்பிக்கும். சிரிப்பு கிரிப்பு எல்லாம் ரெண்டாவது வரி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ."

சின்னண்ணனுக்குப் போன் போட்டாள்.

"'சிரித்த முகம்'தான் முதல் வரி. கடமையைக் கீழே தள்ள அவனே ஒத்துக்கிட்டான். அதுக்காகத்தானே நான் 'பாசமிகு'வை விட்டுக் கொடுத்தேன்?"

யார் சொன்னதை வெட்டினாலும் மற்றவர் நாளைக்குப் பூங்காவுக்கு வரப்போவதில்லை. நாளைக்கு வராதவர் அம்மா வீட்டுக்கும் வரமாட்டார். ஒருத்தர் வந்து போன பிறகு இன்னொருத்தர் வருகிற வழக்கம் இப்போதே பாதி ஆரம்பித்திருந்தது. மறுபடி பேசி முடிவெடுக்கலாம் என்றாலோ, அதற்குள் தொட்டியில் நாய்கள் தண்ணீர் குடித்துவிட்டு வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

"ரெண்டு பேரும் உடனே பட்டறைக்கு வாங்க" என்றாள் கடைக்குட்டி. "எது முதல் வரின்னு கல்லே சொல்லும்."

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு, தாடையில் மாஸ்க் தொங்க வந்து இறங்கினார். "நாற்காலியில ஒரு பேஷன்ட்டை வாயைத் திறந்து வெச்சபடி விட்டுட்டு வந்திருக்கேன்."

"மூடச் சொல்லிட்டாவது வந்தியா?" என்றார் வக்கீல். அவர் முன்னாலேயே வந்து, கல்லுக்கு இடது பக்கம் இருந்த முக்காலியைப் பிடித்திருந்தார். டாக்டர் வலது பக்கம் ஒரு சாந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே நேரத்தில் கல்லைப் பார்த்தார்கள்.

"பவுண்டு போட்டிருக்கே!" வக்கீலின் குரல் தாழ்ந்தது. "அப்பாவுக்கு வெளிநாட்டுல கணக்கு ஏதாவது...?"

"அண்ணா, அது பவுண்டு இல்லை. 'ண'."

கடைக்குட்டிக்கு ஆஸ்பத்திரியில் பதிவுப் பிரிவில் வேலை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறிய நாளிலிருந்து நோயாளிகளின் பெயர்கள் எல்லாம் இந்தக் கோலத்தில்தான் வந்துகொண்டிருந்தன. பெயரில் இரண்டு யூரோ குறி இருந்த ஒரே காரணத்துக்காக, அடுத்த தெருக்காரர் ஒருவரை வெளிநாட்டு நோயாளிகள் வரிசையில் உட்கார வைத்த கதையெல்லாம் அங்கே உண்டு. எந்தக் குறி எந்த எழுத்து என்பது அவளுக்கு மனப்பாடம்.

"கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும்" என்று அவள் ஆரம்பித்தாள். "ஒரு தமிழ் எழுத்துக்கு மூணு எண். அனுப்பின கம்ப்யூட்டர், மூணும் சேர்ந்து ஒரு எழுத்துன்னு அனுப்பியிருக்கு. வாங்கின கம்ப்யூட்டர் பழசு. மூணையும் தனித்தனியாப் பிரிச்சு மூணு வெள்ளைக்கார எழுத்துன்னு படிச்சுடுச்சு. அவ்வளவுதான். எதுவும் தொலையலை. திருப்பிச் சேர்த்தா வந்துடும்."

"எதுவுமே தொலையலையா?" வக்கீல் புருவத்தைத் தூக்கினார்.

"புள்ளியும் உகரமும் மட்டும் கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சுடும். அதை நாமதான் பார்த்து நிரப்பணும்."

"அப்படிச் சொல்லு! நீ அவன் பக்கமா நிரப்புவே."

"என் பக்கமா? நேத்து வரைக்கும் இவ உன் பக்கம்னுதானே நான் பேசாம இருந்தேன்?" என்றார் டாக்டர்.

"ரெண்டு பேரும் வாசிங்க" என்றாள் கடைக்குட்டி. "ஒரு வரி பெரியண்ணா. அடுத்த வரி சின்னண்ணா. ஒருத்தர் வாசிக்கறப்ப மத்தவர் கண்ணால பார்த்துக்கட்டும். நான் தரையில எழுதறேன். சரியா?"

கல்தச்சரிடம் சுண்ணாம்புக் கட்டி வாங்கிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். குறிகளுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. தலையில் சின்னக் கீற்று வைத்திருந்த இங்கிலீஷ் எழுத்துக்குக் 'கொண்டை' என்று டாக்டர் பெயர் வைத்தார். அதுதான் மூச்சுக்கு மூச்சு வந்தது. அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் வந்தால் முழு எழுத்து. வெறும் கோடு வந்தால் கால், கொம்பு, சுழி வகையறா. மூன்றாவதாக வருவதுதான் எது என்று சொல்லும்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கொண்டை. வட்ட ஆர். தலையில கொக்கி விழுந்த எஸ்."

"'ச'" என்று எழுதினாள் கடைக்குட்டி.

டாக்டர் வாளியிலிருந்து துள்ளி எழுந்தார். "சிரித்த! சிரித்த முகம்! பார்த்தியா? கல்லு பொய் சொல்லுமா?"

"உட்காருடா. இன்னும் ஒரு எழுத்துதான் ஆகியிருக்கு." வக்கீலின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "கொண்டை. வட்ட ஆர். பவுண்டு."

"'ண'."

"சண...?" டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"சிரிப்பு எங்கேடா? சிரி பார்ப்போம்" என்றார் வக்கீல். "கொண்டை. கோடு. அப்புறம் ஒண்ணும் இல்லை. காலி."

"அது புள்ளியோ உகரமோ. மேல போங்க."

"கொண்டை, வட்ட ஆர், மேல ரெண்டு புள்ளி வெச்ச ஒய். கொண்டை, கோடு, குட்டிக் கூரை."

கடைக்குட்டி எழுதிவிட்டுத் தரையையே பார்த்தாள். 'சணுடை' என்று எந்த மொழியிலும் சொல் கிடையாது. புள்ளிதான் வைக்க வேண்டும். வைத்தாள்.

சண்டை.

அண்ணன்கள் இருவரும் கல்லை விட்டுத் தரைக்குக் குனிந்தார்கள்.

"அப்பா பெஞ்சில 'சண்டை'ங்கற வார்த்தையை யார் சேர்த்தது?" என்றார் வக்கீல்.

"என்னைக் கேட்டா? கடைசியாப் போட்டது நீ."

"நான் போட்டதுல அது இல்லை!"

"அப்போ கல்லு தானா வெட்டிக்கிச்சா?"

"பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றார் தூரத்திலிருந்து கல்தச்சர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

கடைக்குட்டி சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள். மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணையில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டோமா என்று மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பவுண்டு 'ண'தான். ரெண்டு புள்ளி ஒய் 'ட'தான். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் பெயர் அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்க. மேல வாசிங்க."

வக்கீல் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினார். முற்றுப்புள்ளி மட்டும் கல்லிலும் முற்றுப்புள்ளியாகவே இருந்தது. தரையில் இப்படி இருந்தது:

சண்டை போட்டது போதும்.

"இது உன் வேலைதான்" என்றார் டாக்டர். "சரி சரின்னு என்னைத் தலையாட்ட வெச்சுட்டு, கடைசி நிமிஷத்துல குத்திக் காட்டியிருக்கே. அதுவும் கல்லுல!"

"எனக்கு வேற வேலை இல்லையா? இது நீ எழுதினது. நீதான் பொறுக்க முடியாம எதையாவது கிறுக்குவே. நீ எழுதற மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கு பாரு, ஒரு எழுத்துகூடப் புரியலை."

"சின்னண்ணா, உங்க வரி" என்று கடைக்குட்டி வெட்டினாள்.

டாக்டர் குனிந்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பழக்கத்தில், கோட்டுப் பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து அடித்துக்கொண்டார். "வரிசையா மூணு புள்ளி... 'அ'வா? சரி. கொண்டை, வட்ட ஆர், வால் வெச்ச யூ. கொண்டை, வட்ட ஆர், டிகிரி..."

"ஜுரம் பார்க்காதே, வாசி."

"டிகிரிதான் போட்டிருக்கு, நீயே பாரு!"

வக்கீல் குனிந்து பார்த்தார். "ஆமா, டிகிரிதான்" என்றார். இந்த வருடத்தில் அவர் தம்பி சொன்னதை ஒப்புக்கொண்ட முதல் தடவை அது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

வரி முடிகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி நேராக நின்றது. தலைகீழாக நிற்பது வேறு எழுத்து. நேராக நின்றால் அது கேள்வியேதான்.

"நம்ம வாசகத்துல கேள்வி கிடையாதே" என்றார் வக்கீல்.

"கிடையாது" என்றார் டாக்டர்.

அவருக்கு எழுத்து எதுக்கு?

"'எதுக்கு'!" வக்கீல் தொடையில் தட்டினார். "நான் எதிர்க்கட்சிக்கு அனுப்பற நோட்டீஸ்லகூட இந்த மாதிரி பேச்சுத் தமிழ் வராது. நான் எழுதலை. தீர்ந்தது."

"நானும் எழுதலை. சத்தியமா எழுதலை."

"அப்போ யாரு?"

இருவரும் தங்கையைப் பார்த்தார்கள். தங்கை இல்லையென்று தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை வாயால் சொல்லப் பயமாக இருந்தது.

அடுத்த வரிக்கு யாருடைய முறை என்று யாரும் கேட்கவில்லை. வக்கீல் முக்காலியை இழுத்துக்கொண்டு தம்பியின் பக்கம் வந்துவிட்டார். ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் விரல் வைத்துச் சொன்னார். நடுவில் ஒரு சதவீதக் குறி வந்தது. அதில் சைபர் ஒன்று அதிகமாக இருக்கிறது, தச்சர் தவறி வெட்டிவிட்டார் என்று இருவரும் சேர்ந்து குற்றம் கண்டுபிடித்தார்கள். கல்தச்சர் உளியோடு வந்து நின்றார். அந்தக் குறி அப்படித்தான் இருக்கும், அதுதான் 'உ' என்று கடைக்குட்டி சமாதானம் செய்து அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

உட்கார இடம் இருந்தா போதும்.

கடைசி வரி சின்னது. "கொக்கி எஸ். முக்கால். 'சா'..." என்று இப்போது அவர்களே எழுத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். "தொங்கற குட்டி ஏ, காலி, மறுபடி குட்டி ஏ, தலைகீழ்க் கேள்வி. 'ப்பி'. ரெண்டு புள்ளி ஒய்... 'ட'. சாப்பிட..."

அதற்கு மேல் வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த இரண்டு சொல்லில் கொண்டுவந்து முடிக்கிற ஆள் ஒருத்திதான் உண்டு. இருந்தாலும் வக்கீல் விடாமல் கடைசிக் குறி வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தார்.

சாப்பிட வாங்க.

கடைக்குட்டி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நீ எப்பவாவது குரூப்பில ஏதாவது எழுதினியா?"

"ஒரே ஒரு தடவை எழுதினேன். ஏன்?" என்றாள் அம்மா. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். "நீங்க அடிச்சுக்கறதைப் பார்க்க முடியலை. சரி, ஒரு வார்த்தை சொல்லுவோம்னு உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன். அந்த 'ழு' எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள காபி ஆறிப் போச்சு. அனுப்பிட்டுப் பார்த்தா, எனக்கு முன்னாடி பெரியவன் ஏதோ நீளமா போட்டிருந்தான்."

அதாவது, கடைசி மெசேஜ் அம்மாவுடையது. வக்கீல் தன்னுடையதைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு குரூப்பைத் திறக்கவே இல்லை. டாக்டர் குரூப்பின் சத்தத்தை எப்போதோ அணைத்துவிட்டார். கடைக்குட்டி படிக்காமலே காப்பி எடுத்தாள்.

"மறுநாள் பார்த்தா நான் எழுதினதையே காணோம்" என்றாள் அம்மா. "பிள்ளைங்களுக்குப் பிடிக்கலை போலிருக்கு, அழிச்சுட்டாங்கன்னு விட்டுட்டேன். யாராவது படிச்சீங்களா?"

வக்கீல் தம்பியை முழங்கையால் இடித்தார். அழித்தது அவர் வைத்த வசதிதான்.

"இப்பத்தான்மா படிச்சோம்" என்றார் டாக்டர். "மூணு பேரும் சேர்ந்து. ஒரு எழுத்து விடாம."

"இவ்வளவு நேரமா?"

"கொஞ்சம்... பொடி எழுத்தா இருந்துச்சும்மா."

"கண்ணாடி போட்டுக்கோ. எப்ப வர்றீங்க?"

போனை வைத்த பிறகு மூன்று பேரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது மட்டும் நல்ல தமிழில் வெட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைக்குட்டி யோசித்தாள். கல் நேராகப் பூங்காவுக்குப் போயிருக்கும். அதிகாரி திரையை விலக்கியிருப்பார். ஊரே நின்று 'சண்டை போட்டது போதும்' என்று படித்திருக்கும்.

"ஐயா, பின்பக்கத்துல வெட்ட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"தமிழ்லதானே? பெரிய எழுத்துதானே? பின்பக்கமும் மெருகு போட்டுத்தான் வெச்சிருக்கேன். இன்னிக்கே முடிச்சுடலாம். என்ன வாசகம்?"

வக்கீலின் வாய் பழக்க தோஷத்தில் "கட..." என்று ஆரம்பித்தது. டாக்டரின் வாய் "சிரி..." என்று ஆரம்பித்தது. இரண்டு வாயும் பாதியிலேயே மூடிக்கொண்டன. இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"இதையே வெட்டிடலாமா? முழுசா?" என்றாள் கடைக்குட்டி.

"கூடாது" என்று அண்ணன்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரல் என்பதில் அவர்களே கொஞ்சம் திடுக்கிட்டார்கள்.

"முதல் வரியை வெட்டினா அது ஒப்புதல் வாக்குமூலம்" என்றார் வக்கீல்.

"கடைசி வரியை வெட்டினா, பூங்காவுக்கு வர்றவன் எல்லாம் வீட்டுக்கு வந்துடுவான்" என்றார் டாக்டர்.

"ரெண்டாவது வரி, எழுத்து எதுக்குன்னு கேக்குது. அதை எழுத்துல வெட்டினா சிரிப்பாங்க."

"அப்போ மூணாவது."

"மூணாவதுதான்."

மாதக்கணக்கில் நடந்த வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைக்குட்டி, 'உட்கார இடம் இருந்தா போதும்' என்று ஒரு தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். கல்தச்சர் வாங்கிப் பார்த்தார். 'இருந்தால்' என்று இருக்க வேண்டாமோ என்று அவர் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. ஆனால் மூக்கை நுழைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்" என்றார். "பெஞ்சை வேலியை ஒட்டிப் போடக் கூடாது. என் பொடி எழுத்து வேலை இனிமே பின்பக்கம்தான் இருக்கும். நாலு பேர் பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்ச் குளத்து வளைவில் நின்றது. வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி. நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளரும் வந்திருந்தார், ஒருவேளை பெஞ்ச் வராமல் போனால் இடத்தை அளந்துகொள்ளலாம் என்று. கையில் அளவு நாடா, இன்னொரு கையில் நாய். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வக்கீல், ஒரு பக்கம் டாக்டர். போட்டோவில் யார் அம்மாவின் வலது பக்கம் என்று பேச்சு எழுவதற்குள் கடைக்குட்டி போட்டோவை எடுத்துவிட்டாள்.

"நல்ல வாசகம். சுருக்கமா இருக்கு" என்றார் பூங்கா அதிகாரி. பிறகு பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். "இது என்ன, டிசைனா?"

"டிசைனா?" கல்தச்சர் பதறினார். "கண்ணு ரெண்டும் போச்சு சார்!"

"அது எங்க அம்மா சொன்னது" என்றார் வக்கீல்.

"என்ன சொன்னாங்க?"

முதல் மூன்று வரியைத் தொடக் கூடாது என்று அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் நேராகக் கடைசி வரியில் விரலை வைத்தார். இருவரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சேர்ந்து வாசித்தார்கள். "கொண்டை, வட்ட ஆர், கொக்கி எஸ்... சா... ப்பி... ட... சாப்பிட வாங்க!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இப்பவேவா?"

"வேற எப்போ? எல்லாம் தயாரா இருக்கு" என்றாள் அம்மா, எழுந்துகொண்டே. நாடாவும் நாயுமாக நின்றவரிடம், "நீங்களும் வாங்க. அது கடிக்குமா? கடிக்காதுன்னா அதையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

டாக்டர் அண்ணனின் காதில், "எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு நான் சொன்னேன்ல?" என்றார்.

வீட்டுக் கூடத்தில் அதிகாரியும் கல்தச்சரும் செயலாளரும் உட்கார்ந்து, நாய்த் தொட்டியைக் குளத்தின் மறு கரையில் கட்டலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். வக்கீல் ஜன்னலோரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். குரூப்பின் அமைப்பைத் திறந்து, மெசேஜ் தானாக அழிகிற வசதியை அணைத்தார். தம்பி பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். தம்பியோ தன் போனில் குரூப்பின் சத்தத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வெகு நேரமாக ஒரு சத்தமும் இல்லை.

திடீரென்று கூடத்தில் மூன்று போன்கள் ஒன்றாக ஒலித்தன. மூன்று பேரும் ஒரே நேரத்தில் படித்தார்கள்.

'தட்டு எடுத்து வைங்க.'

"வர்றேன்மா!" என்று மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள்.